பழைய படகு எஞ்சினுக்கு எந்த ஆயில்?

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தயாரான படகு எஞ்சினுக்கு ஆயில் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் சந்திக்கும் சிக்கல், எஞ்சினின் கையேட்டில் எழுதியிருக்கும் ஆயில் இன்று கடை அலமாரியில் இல்லை என்பதுதான். கையேடு 'எஸ்.ஏ.இ. 30, ஏ.பி.ஐ. சி.சி. அல்லது சி.டி. தரம்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். எஸ்.ஏ.இ. எண் ஆயிலின் கெட்டியையும், ஏ.பி.ஐ. எழுத்துகள் அதன் தரத்தையும் குறிப்பவை. அலமாரியிலோ 15டபிள்யூ-40 சி.ஐ-4 என்றும், சி.கே-4 என்றும், முழு சிந்தெடிக் (செயற்கையாகத் தயாரித்த) 5டபிள்யூ-30 என்றும் கேன்கள் வரிசையாக நிற்கும். இந்த இடத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: புதியதும் விலை கூடியதுமே நல்லது என்று எடுத்து வருகிறார்கள், அல்லது எஞ்சின் தேய்ந்துவிட்டதே என்று இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கி ஊற்றுகிறார்கள். இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் முடிவுகள். கையேடு அந்த ஆயிலை ஏன் கேட்டது என்று புரிந்துகொண்டு, அந்தக் காரணத்தை நிறைவு செய்யும் இன்றைய ஆயிலைத் தேடுவதே சரியான வழி. அதற்குக் கேனின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளே உதவும்.

கடல் எஞ்சினின் உழைப்பு

சாலையில் ஓடும் வண்டிக்கு மேடும் உண்டு, இறக்கமும் உண்டு. இறக்கத்தில் அதன் எஞ்சின் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளும். படகுக்கு இறக்கம் என்பதே கிடையாது. புரொப்பல்லர் நீரைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை எஞ்சின் சுமையோடுதான் இருக்கும். தொழில் படகு ஒன்று தன் முழுத் திறனில் முக்கால் பங்கைக் கொடுத்தபடி ஒரே வேகத்தில் பல மணி நேரம் ஓடுவது சாதாரணம். இதற்கு நேர்மாறாக, பாய்மரப் படகின் துணை எஞ்சின் துறைமுகத்தை விட்டு வெளியே வரப் பதினைந்து நிமிடம் ஓடி, சூடேறும் முன்பே நிறுத்தப்படும். முதல் வகை வேலை ஆயிலைச் சூட்டால் வதைக்கிறது. இரண்டாவது வகை ஈரத்தாலும் எரிபொருள் கலப்பாலும் கெடுக்கிறது. ஒரே மாதிரி எஞ்சின் இரண்டு படகுகளில் இருந்தாலும், இரண்டுக்கும் ஒரே ஆயில் பொருந்தும் என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

குளிர்விக்கும் முறையும் கவனிக்க வேண்டியது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் கடல்நீரே நேராகச் சிலிண்டர் பிளாக்குக்குள் சுற்றி வரும். நீர் அதிகம் சூடானால் உப்பு படிந்து வழிகள் அடைபடும் என்பதால், அவற்றின் தெர்மோஸ்டாட் நீரின் வெப்பத்தை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே, சிலவற்றில் 50 டிகிரியை ஒட்டியே நிறுத்திவிடும். மூடிய சுற்றில் நன்னீர் ஓடி, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகக் கடல்நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினோ 80 டிகிரியைத் தாண்டி வேலை செய்யும். கடல்நீர் நேராக ஓடும் எஞ்சினில் சிலிண்டர் சுவர் குளிர்ந்தே இருப்பதால், எரியும்போது உண்டாகும் நீராவி அங்கேயே வியர்த்துக் கீழே இறங்கும். எரிபொருளின் கந்தகத்தோடு அது சேரும்போது அமிலமாகிறது. அதன் பிறகு எஞ்சின் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டால், இந்த ஈரமும் அமிலமும் பேரிங்கிலும் கேம்ஷாஃப்டிலும் அமைதியாக வேலையைக் காட்டும். பழைய கடல் எஞ்சின்கள் ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டவையே அதிகம் என்பது என் எண்ணம்.

வாங்கும் முன் எஞ்சினைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆயிலின் பெயரைத் தேடுவதற்கு முன் எஞ்சினைப் பற்றிய சில கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பெட்ரோலா டீசலா, இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கு ஸ்ட்ரோக்கா, கடல்நீர் நேராக ஓடுகிறதா நன்னீர்ச் சுற்றா என்பன முதல் மூன்று. டர்போ உண்டா, இல்லையா என்பது அடுத்தது. ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகச் செல்கிறதா, ஒரு பகுதி மட்டும் செல்கிறதா, அல்லது சல்லடையைத் தவிர வேறு ஃபில்டரே இல்லையா என்பது பலரும் கேட்க மறக்கும் கேள்வி. கியர்பாக்ஸ் தனி ஆயிலில் ஓடுகிறதா, எஞ்சின் ஆயிலையே பகிர்ந்துகொள்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய 'அட்டாமிக் 4' பெட்ரோல் எஞ்சினைப் போல, ரிவர்ஸ் கியரின் கிளட்சும் எஞ்சினும் ஒரே ஆயிலில் நனையும் அமைப்புகள் உண்டு. அப்படிப்பட்ட எஞ்சினில், எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விளம்பரம் செய்யப்படும் ஆயிலை ஊற்றக் கூடாது. அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்ச் தகடுகளையும் வழுக்கவைத்துவிடும்.

கையேடு கையில் இல்லையென்றால் எஞ்சினின் பெயர்ப்பலகையில் உள்ள மாடல் எண்ணையும் தொடர் எண்ணையும் குறித்துக்கொண்டு அதன் நகலைத் தேடிப் பெறுவது, நண்பர் சொன்ன ஆயிலை நம்புவதைவிட நல்லது. எஞ்சின் லாரியிலோ டிராக்டரிலோ ஓடிய அடிப்படை எஞ்சினைக் கடலுக்கு மாற்றியமைத்ததாக இருந்தால், நிலத்து வடிவத்தின் கையேடும் பெரும்பாலும் கைகொடுக்கும். கடல் வடிவத்தில் சம்ப்பின், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின், கொள்ளளவு மாறியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பாகுத்தன்மை: எண்கள் சொல்வது என்ன

எஸ்.ஏ.இ. 30, 40, 50 ஆகிய எண்கள் 100 டிகிரி வெப்பத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிக்கின்றன. பாகுத்தன்மையை அளக்கும் செண்டிஸ்டோக் அலகில் சொன்னால், 30 என்பது 9.3 முதல் 12.5 வரை, 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. எண்ணுக்குப் பின்னால் வரும் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். 15டபிள்யூ-40 என்றால் குளிரில் 15டபிள்யூ-க்கு உரிய இளக்கமும், 100 டிகிரியில் 40-க்கு உரிய கெட்டியும் கொண்டது என்று பொருள். ஒரே எண் மட்டும் உள்ள ஆயிலை ஒற்றைத் தர ஆயில் என்றும், இரண்டு எண் உள்ளதைப் பல்தர ஆயில் என்றும் சொல்கிறோம். பல்தர ஆயிலில் சூட்டில் கெட்டியைக் காப்பாற்றப் பாலிமர் சேர்க்கிறார்கள். அந்தப் பாலிமர் கியர்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே நசுங்கி நாளடைவில் துண்டாகும் என்பதால், நீண்ட நேரம் ஓடும்போது பல்தர ஆயில் சற்று இளகும்.

கையேடு எஸ்.ஏ.இ. 30 என்று சொல்லியிருக்க, 40-க்கு ஏன் போக வேண்டும்? 'எஞ்சின் பழசு' என்பது மட்டும் போதுமான காரணம் இல்லை. கடல்நீரில் நேராகக் குளிரும் எஞ்சினின் சம்ப் ஆயில் 100 டிகிரியை எட்டுவதே அரிது. 100 டிகிரியில் 11 செண்டிஸ்டோக்காக இருக்கும் ஒரு எஸ்.ஏ.இ. 30 ஆயில், 80 டிகிரியில் ஏறத்தாழ 19 செண்டிஸ்டோக்காக இருக்கும். அதாவது அந்த எஞ்சினின் உள்ளே அது ஏற்கெனவே எஸ்.ஏ.இ. 50-இன் கெட்டியோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால், குளிர்ந்த நிலையில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். பிரஷர் மீட்டர் உயர்ந்து காட்டுவதைப் பார்த்து நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, மிகும் பிரஷரைத் தணிக்கும் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலின் ஒரு பகுதி பேரிங்குக்குப் போகாமல் சம்ப்புக்கே திரும்பிக்கொண்டிருக்கும். மீட்டர் காட்டுவது தடையின் அளவையே அன்றி, பேரிங்குக்குள் பாயும் ஆயிலின் அளவை அன்று.

கெட்டியைக் கூட்ட நியாயமான சந்தர்ப்பங்களும் உண்டு. நன்னீர்ச் சுற்று எஞ்சின் வெப்பமான கடலில் முழுச் சுமையோடு ஓடி, நன்கு சூடேறிய பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கு அருகில் வந்து நின்றால், ஒரு படி மேலே போய்ப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன், பிரஷர் குறைந்ததற்கு டீசல் கலப்பு காரணம் அல்ல என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆயிலில் 5 சதவீத டீசல் கலந்தாலே 40 தரம் சுமார் 30 தரமாக இளகிவிடும். இன்ஜெக்டரோ ஃபீட் பம்பின் டயாஃப்ரமோ ஒழுகும் எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய அகப்பை தேடுவதைப் போன்றது. நீலப் புகைக்கும் இதே பேச்சுதான். தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி வரும் ஆயிலைக் கெட்டித்தன்மை சில காலம் மறைக்கும். ரிங்கை அது புதிதாக்காது.

ஏ.பி.ஐ. எழுத்துகளை வாசிப்பது

ஏ.பி.ஐ. தரத்தில் 'எஸ்' என்று தொடங்குபவை பெட்ரோல் எஞ்சினுக்கும், 'சி' என்று தொடங்குபவை டீசல் எஞ்சினுக்கும் உரியவை. பொதுவாக, இரண்டாவது எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது. இதற்கு விலக்காக, சி.டி. தரம் 1955-இலும், சி.சி. தரம் 1961-இலும் வந்தவை. இரண்டும் இன்று வழக்கொழிந்தவை. அவற்றுக்குப் பதிலாக 1990-இன் சி.எஃப்-4, 1998-இன் சி.எச்-4, 2002-இன் சி.ஐ-4, 2016-இன் சி.கே-4 என்று வரிசை நீள்கிறது. நான்கு ஸ்ட்ரோக் டீசலைப் பொறுத்தவரை, சி.டி. கேட்ட இடத்தில் சி.எச்-4 அல்லது சி.ஐ-4 ஊற்றலாம் என்பது பொது விதி. நானும் பெரும்பாலான எஞ்சின்களுக்கு இதையே சொல்வேன்.

விலக்கு ஒன்று மிக முக்கியமானது. எஃப்.ஏ-4 என்ற தரம், சி.கே-4 வந்த அதே காலத்தில் புதிய லாரி எஞ்சின்களுக்காக உருவான இளகிய ஆயில். பழைய எஞ்சின்களுக்கு அது ஏற்றதன்று என்று அந்தத் தரத்தை வகுத்தவர்களே சொல்கிறார்கள். கேனில் இந்த எழுத்துகளைக் கண்டால், என்ன சலுகை இருந்தாலும் திருப்பி வைத்துவிட வேண்டும். வரிசையின் மறு கோடியில் எஸ்.ஏ. என்ற தரம் இருக்கிறது. சேர்மானம் எதுவுமில்லாத வெறும் எண்ணெயான அது 1930-க்குப் பிறகு வந்த எஞ்சின்களுக்கு உகந்ததன்று. 'பழைய எஞ்சினுக்குப் பழைய ஆயில்' என்று யாராவது அதைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள்.

டர்போ இல்லாத, இலேசான சுமையில் ஓடும் பழைய டீசல் எஞ்சின்களைப் பற்றி மெக்கானிக்குகளிடையே ஒரு வாதம் நெடுநாளாக உண்டு. டர்போ எஞ்சின்களின் கடும் சூட்டுக்காக வடிவமைத்த உயர்தர ஆயில், நங்கூரமிட்ட படகில் பேட்டரி சார்ஜ் செய்ய மட்டும் ஓடும் எஞ்சினில் சிலிண்டர் சுவரைக் கண்ணாடிபோல மெருகேற்றிவிடும் என்றும், அதனால் ரிங்குகள் பிடிப்பிழந்து ஆயில் குடிக்கும் என்றும் ஒரு தரப்பு சொல்கிறது. என் அனுபவத்தில் அந்த மெருகுக்கு முதற்காரணம் ஆயில் அன்று, சுமையில்லாமல் ஓட்டும் பழக்கமே. ஆயினும் இத்தகைய எஞ்சினுக்கு எளிய மினரல் எஸ்.ஏ.இ. 30 அல்லது 15டபிள்யூ-40-ஐ, சி.எஃப் அல்லது சி.எஃப்-4 தரத்தில் பெற முடிந்தால், உச்சத் தர சிந்தெடிக்கைவிட அதையே நான் எடுப்பேன். அந்த எஞ்சினுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

காரமும் சாம்பலும்

அமிலத்தை முறிக்க ஆயிலில் எவ்வளவு காரம் இருக்கிறது என்பதைக் காட்டும் எண் டி.பி.என். இது கேனில் இருக்காது. தயாரிப்பாளரின் விவரத் தாளில் இருக்கும். லாரி டீசல் ஆயில்களில் பொதுவாக 8 முதல் 12 வரை காணலாம். எவ்வளவு வேண்டும் என்பதை எரிபொருளின் கந்தகமே தீர்மானிக்கிறது. எரிதல் ஒரு சிறிய முன் அறையில் தொடங்கும், முன்கூட்டு அறை கொண்ட பழைய டீசல் எஞ்சின்களுக்கு, எரிபொருளின் கந்தகச் சதவீதத்தை 20-ஆல் பெருக்கினால் வருவதற்குக் குறையாத டி.பி.என். வேண்டும் என்பது ஒரு பழைய கணக்கு; நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு 10-ஆல் பெருக்கினால் போதும். கந்தகம் 0.5 சதவீதம் என்றால் முன்னதற்கு 10, பின்னதற்கு 5. சாலை வண்டிகளுக்கான மிகக் குறைந்த கந்தக டீசலையே படகிலும் நிரப்புகிறவருக்கு 7 அல்லது 8 தாராளம். புதிய ஆயிலின் எண்ணில் பாதியாகக் குறைந்தால் மாற்றிவிட வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த நடைமுறை.

காரம் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பதும் தவறு. முறிக்க அமிலம் இல்லாத இடத்தில் மிஞ்சும், காரத்தைத் தரும் கால்சியம், பிஸ்டன் தலையில் கடினமான வெள்ளைப் படிவமாகி லைனரைச் சுரண்டும். பெரிய கப்பல்களிலிருந்து மிஞ்சி வரும் டிரம் ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று படகு எஞ்சினில் ஊற்றுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். கன எரிபொருள் எண்ணெயில் ஓடும் நடுத்தர வேக எஞ்சின்களின் ஆயில் 30, 40 என்ற டி.பி.என். கொண்டது, மெதுவேகக் கப்பல் எஞ்சின்களின் சிலிண்டர் ஆயில் 70, 100 வரை போகும். அந்தச் சிலிண்டர் ஆயில் ஒருமுறை பயன்பட்டு எரிந்துபோவதற்கென்றே செய்யப்பட்டது. சம்ப்பில் கிடந்து சுற்றி வருவதற்கு உரியது அன்று.

சாம்பலின் முக்கியத்துவத்தை உணர்த்தும் நல்ல எடுத்துக்காட்டு டெட்ராய்ட் டீசலின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். 1938-இல் தொடங்கிய 71 வரிசையும், அதன் பின் வந்த 53, 92 வரிசைகளும் இன்னும் எத்தனையோ படகுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு வேண்டியது எஸ்.ஏ.இ. 40 ஒற்றைத் தர ஆயில், சி.எஃப்-2 தரம், சல்ஃபேட் சாம்பல் (ஆயில் எரிந்தபின் அதன் உலோகச் சேர்மானங்கள் விட்டுச் செல்லும் மிச்சம்) 1 சதவீதத்துக்குள். இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் எரிதல் நிகழ்கிறது. பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் ஓய்வே இல்லை. அந்தச் சூட்டில் பல்தர ஆயிலின் பாலிமர் நிலைகுலைகிறது. சாம்பல் அதிகமானால் சிலிண்டர் தலையில் உள்ள எக்ஸாஸ்ட் வால்வுகளில் படிந்து அவற்றைச் சரியாக மூடவிடாமல் செய்கிறது. வழக்கமான சி.ஐ-4 15டபிள்யூ-40 ஆயிலின் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். சி.கே-4-இல் சாம்பல் 1 சதவீதத்துக்குள் அடங்கிவிடும் என்றாலும், அது பல்தர ஆயில் என்ற தடை அப்படியே நிற்கிறது. 'எல்லா டீசலுக்கும் 15டபிள்யூ-40' என்ற பேச்சு பொய்க்கும் இடம் இதுதான்.

பெட்ரோல் இன்போர்டும் அவுட்போர்டும்

படகுக்குள் பொருத்தும் இன்போர்டு வகைப் பழைய பெட்ரோல் எஞ்சின்களில் கேம்ஷாஃப்டின் மேல், வால்வைத் தூக்கும், உருளை இல்லாத தட்டையான டேப்பெட்டுகள் உரசிக்கொண்டு ஓடும். அந்த உரசலைத் தாங்குவது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானம். புகையைச் சுத்திகரிக்கும் கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக, எஸ்.எம். தரம் தொடங்கி 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற இளகிய தரங்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் புதிய கார் ஆயில் பழைய கேம்ஷாஃப்டுக்குப் போதாமல் போகலாம். பெட்ரோல் தரமும் சேர்த்து எழுதப்பட்ட 15டபிள்யூ-40 டீசல் ஆயிலோ, கடல் பயனுக்கென்றே செய்த ஆயிலோ இதற்கு நல்ல மாற்று. கையேடு எஸ்.ஏ.இ. 30 கேட்டால் அந்தத் தரத்திலேயே டீசல் பயனுக்கான ஒற்றைத் தர ஆயிலைத் தேடலாம்.

கடல் பயனுக்கென்று செய்ததைக் கண்டறிய 'எஃப்.சி-டபிள்யூ' என்ற முத்திரையைப் பாருங்கள். அமெரிக்கக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கமான என்.எம்.எம்.ஏ. 2004-இல் கொண்டுவந்த இந்த முத்திரை, நீரால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்களுக்கானது. துரு தடுக்கும் சோதனை இதன் முக்கியமான பகுதி. வாரக் கடைசியில் மட்டும் ஓடும் படகுக்கு இந்தச் சோதனை ஒன்றே கூடுதல் விலையை நியாயப்படுத்தும் என்பேன். தினமும் ஓடும் படகுக்கு அந்த அவசியம் குறைவு. இதே பெயரில் கன்வெர்ட்டருக்கு உகந்தது என்று ஒரு கிளை வகையும் உண்டு. கன்வெர்ட்டர் இல்லாத பழைய எஞ்சினுக்கு அது வேண்டியதில்லை.

படகின் பின்புறம் வெளியே தொங்கும் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு 'டி.சி-டபிள்யூ3' என்பதைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். காற்றால் குளிரும் ஸ்கூட்டர்களுக்கும் மரம் அறுக்கும் இயந்திரங்களுக்கும் உள்ள இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலில் சாம்பல் உண்டாக்கும் உலோகச் சேர்மானம் இருக்கும். குளிர்ந்து ஓடும் அவுட்போர்டில் அது ஸ்பார்க் பிளக்கையும் பிஸ்டனையும் கரியாக்கும். டி.சி-டபிள்யூ3 சாம்பலற்றது. கலவை விகிதத்தை எஞ்சினின் பேரிங்கே நிர்ணயிக்கிறது. உருளை பேரிங் கொண்டவை 50:1 விகிதத்தில், அதாவது லிட்டருக்கு 20 மில்லி ஆயிலில் ஓடும். வெண்கலப் புஷ் கொண்ட மிகப் பழைய எஞ்சின்கள் 25:1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி கேட்கும். ஆயில் தரம் உயர்ந்துவிட்டதே என்று பழைய எஞ்சினின் விகிதத்தைப் பாதியாக்கினால் புஷ் காய்ந்து போகும்.

பழைய ஆயிலிலிருந்து புதியதற்கு மாறும்போது

கழுவும் தன்மையில்லாத ஆயிலில் பல ஆண்டுகள் ஓடிய எஞ்சினுக்கு, தேர்வைவிட மாற்றமே ஆபத்து. ஃபில்டர் இல்லாத பழைய எஞ்சின்களில் அழுக்கு சம்ப்பின் அடியில் படிந்து கிடக்கட்டும் என்றே அத்தகைய ஆயிலைப் பரிந்துரைத்தார்கள். இன்றைய ஆயிலோ அழுக்கைக் கரைத்துத் தன்னோடு சுமந்து திரியும். இது தெரியாமல் நான் ஒருமுறை, வரலாறு தெரியாத ஒரு நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் நல்ல சி.ஐ-4 ஆயிலை ஊற்றி ஓடவிட்டேன். ஆறாவது மணி நேரத்தில் பிரஷர் முள் மெல்லக் கீழே இறங்கியது. நிறுத்தி, எஞ்சினைத் தூக்கிச் சம்ப்பைக் கழற்றியபோது, உறிஞ்சு குழாயின் சல்லடை முழுவதும் தார் போன்ற கரிய கூழ் அப்பிக் கிடந்தது. விரலால் வழித்தால் ஒரு உள்ளங்கை தேறும். பல ஆண்டுக் கசடு ஒரே நாளில் அவிழ்ந்து வந்திருந்தது.

ஆகவே, டேப்பெட் கவரைத் திறந்து உள்ளே பாருங்கள். உலோகம் பழுப்பு நிறத்தில் தெரிந்தால் தயங்காமல் இன்றைய ஆயிலுக்கு மாறலாம். கரிய சேறு தடிமனாகப் படிந்திருந்தால், முடிந்தவரை சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மாறுவது உத்தமம். அது இயலாவிட்டால் முதல் ஆயிலை 10 மணி நேரத்திலும், அடுத்ததை 25 மணி நேரத்திலும் ஃபில்டரோடு மாற்றி, பிரஷர் மீட்டரைக் கண்காணித்தபடி ஓட்ட வேண்டும். உடனே கரைக்கும் 'ஃபிளஷ்' திரவங்களை இத்தகைய எஞ்சினில் நான் பயன்படுத்துவதே இல்லை. ஃபில்டரே இல்லாத எஞ்சினில் இன்றைய ஆயில் ஊற்றினால், 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது பாதுகாப்பு. ஃபில்டர் உள்ள பழைய டீசலுக்கு 100 மணி நேரம் வழக்கமான எல்லை.

சிந்தெடிக் ஆயில் பழைய சீல்களை ஒழுகவைக்கும் என்ற அச்சத்தில் பாதி உண்மை உண்டு. இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் ரப்பரைச் சுருக்காதபடி சமன்செய்து தயாரிக்கப்படுகின்றன; ஆனால் விறைத்துப்போன சீலின் இடுக்கை இதுவரை அடைத்திருந்த கசடை அவை கழுவிவிடும்போது ஒழுக்கு வெளிப்படும். பின்பக்கக் கிராங்க் சீல் கயிற்றால் ஆன எஞ்சின்களில் இதை அதிகம் காணலாம். 100 மணி நேரத்தில் எப்படியும் வடித்துக் கொட்டப்போகும் ஆயிலுக்கு இரு மடங்கு விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உறைபனியில் ஸ்டார்ட் செய்ய வேண்டியவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

கியர்பாக்ஸ் தனியாக இருந்தால் அதன் ஆயிலும் தனி விஷயம். ஹர்த், போர்க்-வார்னர் வெல்வெட் டிரைவ் போன்றவை ஏ.டி.எஃப். எனப்படும், தானியங்கி கியர்பாக்ஸுக்கான சிவப்பு நிறத் திரவத்தில் ஓடுபவை. வேறு சில எஸ்.ஏ.இ. 30 அல்லது 40 எஞ்சின் ஆயிலைக் கேட்கும். கியர் என்ற பெயரைப் பார்த்து 90 தர கியர் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. அதில் உள்ள கந்தகச் சேர்மானம் வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும்.

ஊற்றிய பின் பார்க்க வேண்டியவை

படகில் எஞ்சின் பின்பக்கம் சரிந்தே பொருத்தப்பட்டிருக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் கோடோ சமதளத்துக்காகப் போட்டதாக இருக்கலாம். ஆகவே கையேடு சொல்லும் கொள்ளளவை அளந்து ஊற்றி, ஃபில்டர் நிரம்ப ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஆயில் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே டிப்ஸ்டிக்கில் அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்தக் கோடே உங்கள் அளவு. அளவு குறைவது ஒருபுறம் இருக்கட்டும்; கோட்டைத் தாண்டி உயர்ந்தால்தான் உடனே அஞ்ச வேண்டும், உள்ளே டீசலோ நீரோ வருகிறது என்று அதற்குப் பொருள்.

எது வருகிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பழைய இரும்புத் தட்டை அடுப்பில் வைத்து, ஆயில் புகையாத அளவுக்கு, 130 டிகிரி வாக்கில் சூடாக்கி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள்: கடுகு தாளிப்பதுபோல் சடசடத்தால் நீர் இருக்கிறது, ஓசையில்லாமல் பரவினால் இல்லை. டீசல் கலப்புக்கு உறிஞ்சுதாள் போதும். டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டைத் தாளில் விட்டு ஓர் இரவு காயவைத்தால், நல்ல ஆயில் நடுவிலிருந்து விளிம்பு வரை சீராக மங்கிக்கொண்டே போகும். டீசல் கலந்திருந்தால் கரிய வட்டத்தைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம் ஒன்று அகலமாகப் படரும். நடுவில் அடர்ந்த கரும்புள்ளி கூர்மையான விளிம்போடு நின்றுவிட்டால், அழுக்கைச் சுமக்கும் வலு ஆயிலில் தீர்ந்துவிட்டது.

பருவம் முடிந்து படகைக் கரையேற்றும்போது ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள்; மீண்டும் இறக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், அமிலம் நிறைந்த பழைய ஆயில் பேரிங்கோடு அத்தனை மாதமும் உறவாடிக்கொண்டிருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சம்ப்பின் கீழ் இடமில்லாத படகுகளில் டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்து, ஃபில்டரை மாற்றி, புதிய ஆயிலை ஊற்றி, அது எல்லா இடுக்கிலும் படியும்படி பத்து நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும். உறிஞ்சி எடுத்த ஆயிலைப் பழைய கேனிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, மாற்றிய தேதியையும் எஞ்சின் மணிக்கணக்கையும் ஆயிலின் முழுப் பெயரையும் எஞ்சின் அறையின் கதவுக்குள் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த முறை கையேட்டைத் தேட வேண்டியிருக்காது.